சின்னக் கோப்பையா, புரொமோஷனா? வெம்பிளி போகும் ரசிகர் கேட்கும் கேள்விகள்

2019 மார்ச் 31, ஞாயிற்றுக்கிழமை. லண்டன் வெம்பிளி மைதானத்தில் 85,021 பேர் கூடியிருந்தார்கள். அவர்கள் பார்க்க வந்தது போர்ட்ஸ்மவுத், சண்டர்லாந்து என்ற இரண்டு கால்பந்து கிளப்புகளை. இரண்டும் அப்போது இங்கிலாந்தின் மூன்றாம் பிரிவான லீக் ஒன்னில் ஆடிக்கொண்டிருந்தன. போட்டியின் பெயர் செக்கட்ரேட் டிராபி. அதைப் பெரிய கோப்பை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதே வாரங்களில் இரண்டு அணிகளும் இரண்டாம் பிரிவான சாம்பியன்ஷிப்புக்கு ஏறப் போராடிக்கொண்டிருந்தன. சீசன் முடிய ஐந்து வாரம்தான் பாக்கி.

இப்படி ஒரு நிலையில் ரசிகர் எதற்காக வேண்டிக்கொள்வது? கோப்பைக்கா, மேல் பிரிவுக்கு ஏறும் புரொமோஷனுக்கா? வருடாவருடம் ஏதாவது இரண்டு ஊர்களில் இந்தக் கேள்வி எழுகிறது. அதைச் சுற்றி வழக்கமாக வரும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

இது என்ன கோப்பை? எஃப்.ஏ. கோப்பையா?

இல்லை. எஃப்.ஏ. கோப்பையில் முதல் பிரிவான பிரீமியர் லீக் அணிகள் தொடங்கி சின்ன ஊர் அணிகள் வரை எல்லோரும் ஆடலாம். இது மூன்றாம், நான்காம் பிரிவுகளில் உள்ள கிளப்புகளுக்கென்றே ஏற்பட்ட போட்டி. 1983-84 சீசனில் தொடங்கியது. இப்போது இ.எஃப்.எல். (இங்கிலிஷ் ஃபுட்பால் லீக்) டிராபி என்பது பொதுப்பெயர். ஆனால் ஸ்பான்சர் மாற மாறப் பெயரும் மாறும்: ஷெர்பா வேன், ஆட்டோ விண்ட்ஸ்கிரீன்ஸ் ஷீல்ட், ஜான்ஸ்டன்ஸ் பெயின்ட், செக்கட்ரேட், பாப்பா ஜான்ஸ். வயதான ரசிகர் ஒருவர் எந்தப் பெயரைச் சொல்கிறார் என்பதை வைத்தே அவர் எந்தக் காலத்தில் வெம்பிளி போனவர் என்று கண்டுபிடித்துவிடலாம்.

தொடக்கச் சுற்றுகளில் மைதானம் காலியாகத்தான் இருக்கும். செவ்வாய்க்கிழமை இரவு, குளிர், பாதி ரிசர்வ் வீரர்கள். அந்த நிலையில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. காலிறுதி, அரையிறுதி என்று போகப்போகத்தான் 'அட, வெம்பிளி வந்துவிடும் போலிருக்கிறதே' என்று ஊர் விழித்துக்கொள்ளும்.

புரொமோஷன் எப்படிக் கிடைக்கிறது?

லீக் ஒன்னில் 24 அணிகள், ஆளுக்கு 46 ஆட்டங்கள். முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள் நேராக மேலே போய்விடுவார்கள். மூன்றிலிருந்து ஆறு வரை வரும் நான்கு அணிகள் பிளே-ஆஃப் ஆடும். மேலே போகும் மூன்றாவது அணி, அதில் ஜெயிக்கும் ஒரே ஓர் அணிதான். பிளே-ஆஃப் இறுதிப்போட்டியும் வெம்பிளியில்தான். அதனால் 'வெம்பிளி போகிறோம்' என்ற வார்த்தைக்கு இந்த ஊர்களில் இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று கோப்பைக்காக, இன்னொன்று ஒரு பிரிவையே தாண்டுவதற்காக.

மேலே ஏறுவதுதானே பெரிது? இதில் குழம்ப என்ன இருக்கிறது?

பெரிதுதான், சந்தேகமே இல்லை. மேலே போனால் தொலைக்காட்சிப் பணம் கூடும், நல்ல வீரர்கள் வருவார்கள், இருக்கும் நல்ல வீரர்களும் தங்குவார்கள். கோப்பை தருவது ஒரு நாள் சந்தோஷம். அடுத்த வாரம் அதே லீக், அதே எதிரணி.

பிரச்சினை எங்கே வருகிறது என்றால், கோப்பை இறுதிப்போட்டி வழக்கமாக மார்ச் கடைசி அல்லது ஏப்ரலில் வருகிறது. லீக்கின் கழுத்தைப் பிடிக்கும் நேரம் அது. அந்த வார இறுதியில் ஆட வேண்டிய லீக் ஆட்டம் தள்ளிப் போகும். அப்புறம் அதை வாரத்தின் நடுவில் எங்காவது திணிக்க வேண்டும். பட்டியலில் போட்டியாளர்கள் புள்ளி சேர்த்துக்கொண்டிருப்பார்கள், நம் கையில் 'இன்னும் ஆட வேண்டிய ஆட்டம்' மட்டும் இருக்கும். கையில் இருக்கும் ஆட்டம் வேறு, கையில் இருக்கும் புள்ளி வேறு. வெம்பிளியின் அகலமான புல்தரையில் 120 நிமிடம் ஓடினால் கால் என்ன ஆகும்? முக்கிய வீரருக்குத் தொடைத்தசை பிடித்துக்கொண்டால்? ரசிகரின் பயம் வீண்பயம் இல்லை.

2019இல் அந்த இரண்டு அணிகளுக்கும் அப்படி என்ன பசி?

இதைச் சொல்லாமல் அந்த 85,021ஐப் புரிந்துகொள்ள முடியாது.

போர்ட்ஸ்மவுத் 2008இல் எஃப்.ஏ. கோப்பையையே வென்ற கிளப். இரண்டே ஆண்டில் பிரீமியர் லீக்கிலிருந்து விழுந்தது. கடன், திவால் நடவடிக்கை, புள்ளிக் கழிப்பு என்று அடிமேல் அடி. 2013இல் நான்காம் பிரிவுக்கே போய்விட்டது. அந்த ஆண்டு ரசிகர்கள் தங்கள் சேமிப்பைப் போட்டு, டிரஸ்ட் மூலமாகக் கிளப்பை வாங்கிக் காப்பாற்றினார்கள். 2017இல் நான்காம் பிரிவின் சாம்பியனாகி மேலே வந்தார்கள். இப்படி நாலு காசு போட்டுத் தூக்கி நிறுத்திய ஜனங்களிடம் போய் 'இது சின்னக் கோப்பை, விடுங்கள்' என்று சொல்ல எனக்கு மனம் வராது.

சண்டர்லாந்து கதை வேறு. 2017இல் பிரீமியர் லீக்கிலிருந்து விழுந்தது, அடுத்த ஆண்டே சாம்பியன்ஷிப்பிலிருந்தும் விழுந்தது. சுமார் 49,000 பேர் உட்காரும் மைதானம், ஆடுவதோ மூன்றாம் பிரிவில். அதோடு வெம்பிளி அப்போது அவர்களுக்கு ஒரு சாபம் மாதிரி. 1973இல் எஃப்.ஏ. கோப்பையை வென்றதற்குப் பிறகு அதுவரை அங்கே ஓர் ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. 1985, 1990, 1992, 1998, 2014 என்று போன தடவையெல்லாம் தோல்வி.

அன்று என்ன நடந்தது?

சண்டர்லாந்து ரசிகர்கள் முந்தின நாளே லண்டனில் குவிந்துவிட்டார்கள். சனிக்கிழமை இரவு டிரஃபால்கர் சதுக்கம் முழுக்கச் சிவப்பு-வெள்ளை. போர்ட்ஸ்மவுத் பக்கம் சுமார் 40,000 பேர் வந்தார்கள். அவர்களுடைய ஃபிராட்டன் பார்க் மைதானம் கொள்ளும் கூட்டத்தைப் போல இது இரண்டு மடங்கு. அப்படியானால் வழக்கமாக மைதானத்துக்கு வராத தாத்தா, பேத்தி, வெளியூரில் வேலை பார்ப்பவர் எல்லோரும் வந்திருந்தார்கள் என்றுதானே அர்த்தம்?

முதல் பாதியில் ஏய்டன் மெகீடி ஃப்ரீ-கிக்கில் சண்டர்லாந்துக்கு ஒரு கோல். 82ஆம் நிமிடத்தில் நேதன் தாம்ப்சன் தலையால் சமன் செய்தார். கூடுதல் நேரம் முடிய ஆறு நிமிடம் இருக்கும்போது ஜமால் லோ, கோல்கீப்பர் தலைக்கு மேலே பந்தைத் தூக்கிப் போட்டார், 2-1. முடிந்தது என்று நினைத்தபோது 119ஆம் நிமிடத்தில் மறுபடி மெகீடி, 2-2. பெனால்டியில் சண்டர்லாந்தின் லீ கேட்டர்மோல் அடித்ததை போர்ட்ஸ்மவுத் கோல்கீப்பர் கிரெய்க் மெக்கிலிவ்ரே தடுத்தார். ஒலி ஹாக்கின்ஸ் கடைசிப் பந்தை உள்ளே போட, 5-4 என்று கோப்பை போர்ட்ஸ்மவுத்துக்குப் போனது.

அதனால் லீக் கெட்டதா?

சண்டர்லாந்து அந்த சீசனில் 46 ஆட்டங்களில் ஐந்தில்தான் தோற்றது. அந்த ஐந்தில் மூன்று தோல்விகள் வெம்பிளிக்குப் பின் வந்த ஐந்து வாரங்களில். ஏப்ரல் 13 அன்று சொந்த மைதானத்தில் கவன்ட்ரியிடம் 5-4 என்று தோற்றதை அந்த ஊர் எளிதில் மறக்காது. இதைப் பார்த்தால் 'கோப்பைதான் கெடுத்தது' என்று சொல்லத் தோன்றும்.

ஆனால் நான் அந்தப் பக்கம் போக மாட்டேன். காரணம், அதே சீசனில் அவர்கள் 19 ஆட்டங்களை டிரா செய்திருந்தார்கள். ஜெயிக்க வேண்டிய ஆட்டங்களில் இரண்டிரண்டு புள்ளியாக வாரம்தோறும் ஒழுகிக்கொண்டே வந்தது. நேரடியாக மேலே போன பார்ன்ஸ்லி 91 புள்ளி, சண்டர்லாந்து 85. அந்த 19இல் நான்கை வெற்றியாக்கியிருந்தால் கணக்கு மாறியிருக்கும். அந்த ஓட்டை ஆகஸ்டிலிருந்தே இருந்தது. மார்ச் 31 அன்று புதிதாக விழுந்ததல்ல.

போர்ட்ஸ்மவுத்தைப் பாருங்கள். புத்தாண்டுக்குப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தவர்கள், ஜனவரியிலிருந்து சரிந்தார்கள். அப்போது வெம்பிளியே முடிவாகவில்லை. கோப்பையை வென்ற பிறகும் ஏப்ரல் கடைசி வரை போட்டியில் இருந்தார்கள். ஏப்ரல் 30 அன்று பீட்டர்பரோவிடம் சொந்த மண்ணில் 3-2 என்று தோற்றபோதுதான் முதல் இரண்டு இடம் என்ற கனவு போனது. முடிவில் 88 புள்ளி, நான்காம் இடம்.

அப்புறம் நடந்ததுதான் கொடுமை. பிளே-ஆஃப் அரையிறுதியில் இந்த இரண்டு அணிகளே மோதின. கிறிஸ் மகுவயர் அடித்த ஒரே கோலில் சண்டர்லாந்து ஜெயித்தது. மே 26 அன்று மறுபடி வெம்பிளி, எதிரே சார்ல்டன். ஐந்தாம் நிமிடத்திலேயே சார்ல்டன் தன் வலைக்குள்ளேயே போட்டுக்கொண்ட கோலால் சண்டர்லாந்து முன்னிலை. பிறகு சமன். 94ஆம் நிமிடத்தில் பேட்ரிக் பாவர் அடித்த கோலில் சார்ல்டன் 2-1 என்று மேலே போனது. எட்டு வாரத்தில் இரண்டு வெம்பிளி, கையில் ஒன்றும் இல்லை. இலவு காத்த கிளி என்று சும்மாவா சொன்னார்கள்.

இரண்டையும் வென்றவர்கள் உண்டா?

நிறையப் பேர். எனக்கு மிகவும் பிடித்தது 1988 வுல்வர்ஹாம்ப்டன். நான்காம் பிரிவுக்கு விழுந்து கிடந்த பழம்பெரும் கிளப் அது. அந்த ஆண்டு அந்தப் பிரிவின் சாம்பியனும் ஆனார்கள், ஷெர்பா வேன் கோப்பையையும் பர்ன்லியை 2-0 என்று தோற்கடித்து வாங்கினார்கள். அன்று வந்த கூட்டம் 80,841. நான்காம் பிரிவு அணிகள் இரண்டின் ஆட்டத்துக்கு! இந்தப் போட்டியில் அந்த எண்ணிக்கையை முறியடிக்க 2019 வர வேண்டியிருந்தது.

1995இல் பர்மிங்காம் கோப்பையையும் வென்று தன் பிரிவிலும் முதலிடம் பிடித்தது. இறுதிப்போட்டியில் தோற்ற கார்லைலும் அதே ஆண்டு தன் பிரிவின் சாம்பியன். 1998இல் கிரிம்ஸ்பி ஐந்து வார இடைவெளியில் வெம்பிளியில் இரண்டு முறை ஜெயித்தது: முதலில் கோப்பை, பிறகு பிளே-ஆஃப். 2015இல் பிரிஸ்டல் சிட்டி, 2022இல் ராதர்ஹாம் இரட்டைச் சந்தோஷம் கண்டார்கள். 2016இல் மோதிய பார்ன்ஸ்லி, ஆக்ஸ்ஃபோர்ட் இரண்டுமே அந்த சீசன் முடிவில் மேலே ஏறின. பார்ன்ஸ்லி அதற்குச் சில மாதங்கள் முன்பு பட்டியலின் அடியில் கிடந்த அணி.

தோற்றால் மனம் உடைந்து லீக்கும் போய்விடாதா?

2023 ஏப்ரல் 2. பிளிமத் அணி பெரிய கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு வெம்பிளி வந்தது. போல்ட்டனிடம் 4-0 என்று நொறுங்கியது. ஒரு மாதம் கழித்து 101 புள்ளியோடு லீக் ஒன் சாம்பியன் யார்? பிளிமத். அந்தக் கோப்பையைத் தூக்கிய போல்ட்டன் பிளே-ஆஃப் அரையிறுதியில் பார்ன்ஸ்லியிடம் தோற்று அதே பிரிவில் தங்கியது. 2025இல் பீட்டர்பரோவிடம் 2-0 என்று தோற்ற பர்மிங்காம் 111 புள்ளி எடுத்தது. நல்ல அணி ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தோல்வியில் செத்துவிடாது.

கோப்பையும் வென்று கீழே விழுந்தவர்கள்?

கவன்ட்ரி, 2017. அந்த சீசன் முழுக்க உரிமையாளர்களுக்கு எதிராகப் போராட்டம், பட்டியலில் அடிமட்டம். ஏப்ரல் 2 அன்று 40,000க்கும் மேற்பட்ட கவன்ட்ரி ரசிகர்கள் வெம்பிளியில் நின்றார்கள். ஆக்ஸ்ஃபோர்டை 2-1 என்று வென்றார்கள். அதே மாதம் நான்காம் பிரிவுக்கு இறங்குவதும் உறுதியானது.

அந்தக் கோப்பை அவர்களைக் காப்பாற்றவில்லை, உண்மை. ஆனால் அந்த ஊர் தன் கிளப் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பல ஆண்டுகளில் முதல் தடவையாகக் கண்ணால் பார்த்த நாள் அது என்பேன். அடுத்த ஆண்டு அதே மேனேஜர் மார்க் ராபின்ஸ் தலைமையில் பிளே-ஆஃப் இறுதியில் எக்ஸிட்டரை வென்று மேலே வந்தார்கள். கோப்பையால்தான் வந்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த நாள் இல்லாமல் அந்த ஊர் அவ்வளவு சீக்கிரம் தலைநிமிர்ந்திருக்கும் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

மேனேஜர் ரிசர்வ் அணியை இறக்கிவிட்டால் என்ன?

தொடக்கச் சுற்றுகளில் செய்வார்கள். செய்யட்டும், சின்னப் பையன்களுக்கு அனுபவம். ஆனால் குறிப்பிட்ட எண்ணிக்கையில் முதல் அணி வீரர்கள் ஆட வேண்டும் என்று விதி உண்டு, மீறினால் அபராதம். 2016இல் பிராட்ஃபோர்ட் அந்த விதியைச் சமாளிக்க முதல் கோல்கீப்பரை இறக்கி மூன்றே நிமிடத்தில் வெளியே எடுத்தது.

இறுதிப்போட்டியில் மட்டும் அப்படிச் செய்யக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. 40,000 பேர் டிக்கெட், ரயில், அறை என்று செலவழித்து வந்திருக்கும்போது இரண்டாம் வரிசை அணியை அவர்கள் முன்னால் நிறுத்துவது மரியாதை இல்லை.

இந்தப் போட்டியைப் புறக்கணிக்கும் ரசிகர்கள் இறுதிப்போட்டிக்குப் போகலாமா?

விஷயம் தெரியாதவர்களுக்கு: 2016-17 முதல் பெரிய கிளப்புகளின் 21 வயதுக்குட்பட்டோர் அணிகள் 16ஐ இதில் சேர்த்தார்கள். சின்னக் கிளப்புகளின் கோப்பையைப் பெரிய கிளப்புகளின் பயிற்சிக்கூடமாக ஆக்குகிறார்கள் என்று பல ரசிகர்கள் கொதித்தார்கள். ஆட்டங்களைப் புறக்கணித்தார்கள். அவர்கள் கோபம் நியாயம் என்றே நினைக்கிறேன்.

முதல் சுற்றில் பத்து பவுண்டுக்குப் போகாதவர், வெம்பிளி என்றதும் போகலாமா? இது அவரவர் மனசாட்சி. கொள்கைக்காக வீட்டிலேயே இருந்தவரை நான் மதிக்கிறேன். எண்பது வயது அப்பாவுக்கு இன்னொரு வெம்பிளி கிடைக்குமோ என்னவோ என்று கூட்டிக்கொண்டு போனவரை அதைவிடக் குறைவாக மதிக்க என்னால் முடியாது.

கையில் பணம் ஒரு பயணத்துக்குத்தான் இருக்கிறது. மார்ச்சில் போவதா, பிளே-ஆஃபுக்குச் சேர்த்து வைப்பதா?

சண்டர்லாந்திலிருந்து லண்டன் 400 கிலோமீட்டருக்கும் மேல். குடும்பத்தோடு போனால் ஒரு மாதச் செலவு கரைந்துவிடும். என் பதில்: உறுதியாகிவிட்ட ஆட்டத்துக்குப் போங்கள். கோப்பை இறுதிப்போட்டிக்குத் தேதி இருக்கிறது, உங்கள் கிளப்பின் பெயர் அச்சாகிவிட்டது. பிளே-ஆஃப் இறுதி இன்னும் கனவு. நேரடியாக இரண்டாம் இடம் வந்துவிட்டால் அந்த வெம்பிளியே இருக்காது. மரத்தில் தொங்கும் பலாவுக்காகக் கையில் இருக்கும் களாக்காயைத் தூக்கிப் போடுவானேன்? 2019இல் மே வரட்டும் என்று காத்திருந்த போர்ட்ஸ்மவுத் ரசிகருக்கு மே மாதம் வெம்பிளியே கிடைக்கவில்லை.

சரி, ஒன்றுதான் கிடைக்கும் என்றால் எது?

புரொமோஷன். இதில் நான் சுற்றி வளைக்க மாட்டேன். ஆனால் அப்படி ஒரு கடைக்காரர் யாரும் இல்லை. 'கோப்பையைக் கொடு, மேலே ஏற்றிவிடுகிறேன்' என்று பண்டமாற்று செய்ய யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. வெம்பிளியில் தோற்றதற்காகச் சண்டர்லாந்துக்கு யாரும் இரண்டு புள்ளி கூடத் தரவில்லை. அதனால்தான் இந்தக் கேள்வியை வைத்து ரசிகர்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொள்ளும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஒரே விதிவிலக்கு: பதினெட்டு, பத்தொன்பது பேரை வைத்துக்கொண்டு ஓட்டும் கிளப்புகள். மழையால் ஏற்கெனவே நாலைந்து ஆட்டம் தள்ளிப்போயிருக்கும்போது இதுவும் சேர்ந்தால் சனி, செவ்வாய், சனி, செவ்வாய் என்று ஏப்ரல் முழுக்க ஆட வேண்டிவரும். அங்கே இருக்கும் ரசிகர் அரையிறுதியில் தோற்றதற்கு உள்ளூர நிம்மதி அடைந்தால் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால்?

2019 அரையிறுதியில் போர்ட்ஸ்மவுத்திடம் சொந்த மண்ணில் 3-0 என்று தோற்ற அணி பரி. அந்த சீசனில் பரி நான்காம் பிரிவில் இரண்டாம் இடம் பிடித்து மேலே ஏறவும் செய்தது. ஆனால் லீக் ஒன்னில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. பணப் பிரச்சினையால் ஆகஸ்ட் 27 அன்று லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது. புரொமோஷன் கிடைத்தும் அதை அனுபவிக்க முடியாமல் போன ஜனங்கள் அவர்கள்.

போர்ட்ஸ்மவுத்துக்கு இன்னொரு விதமான விசித்திரம். கொரோனாவால் அடுத்த ஆண்டின் இறுதிப்போட்டி தள்ளிப் போனதால், 2019 கோப்பை கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு அவர்களிடமே இருந்தது. 1939இல் வென்ற எஃப்.ஏ. கோப்பையைப் போர் காரணமாக 1946 வரை வைத்திருந்த அதே கிளப்! அவர்கள் காத்திருந்த புரொமோஷன் 2024இல்தான் வந்தது, சாம்பியனாக. சண்டர்லாந்துக்கு 2022இல், வெம்பிளியில் விக்கம்பை 2-0 என்று வென்று.

அதற்கு முந்தின ஆண்டு, 2021 மார்ச் 14 அன்று, சண்டர்லாந்து இதே சின்னக் கோப்பையின் இறுதிப்போட்டியில் டிரான்மியரை எதிர்த்து ஆடியது. லிண்டன் கூச் அடித்த ஒரே கோலில் ஜெயித்தது. 1973க்குப் பிறகு வெம்பிளியில் அவர்களுக்குக் கிடைத்த முதல் வெற்றி. 48 ஆண்டு காத்திருந்த ரசிகர்கள் அன்று வீட்டில் தொலைக்காட்சி முன்னால் இருந்தார்கள். ஊரடங்கு. மைதானத்தில் 90,000 இருக்கைகளும் காலி.